மூணாறில் ஒன்பது நாள்: பெம்பிளை ஒருமை திரண்ட விதமும் தேய்ந்த விதமும்

2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் உட்கார்ந்த தேயிலைத் தோட்டப் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். கட்சி கிடையாது, கொடி கிடையாது, மேடையில் பேசிப் பழகிய தலைவர் கிடையாது. ஒன்பது நாளில் கேட்ட போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 2017 ஏப்ரலில் அதே பெயரில் அதே ஊரில் மறுபடி பந்தல் போட்டபோது உள்ளே இருந்தவர்கள் ஒரு கைக்குள் எண்ணிவிடக்கூடிய அளவுதான்.

இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். தலைவிகளுக்குள் சண்டை, பதவி ஆசை, யாரோ விலைபோய்விட்டார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் சண்டையும் பதவி ஆசையும் இல்லாத சங்கம் எந்த ஊரில் இருக்கிறது? அதெல்லாம் இருந்தும் பல சங்கங்கள் ஐம்பது வருடம் ஓடுகின்றனவே. இந்தக் கூட்டம் மட்டும் ஏன் ஓடவில்லை என்பதற்கு மூணாறு என்ற ஊரையும், அங்கே மற்ற அமைப்புகள் எதன்மேல் நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

யாருடைய கூரை

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகப் போனால் மூணாறு. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தெற்கே கன்னியாகுமரிப் பகுதி வந்தது, செங்கோட்டையில் ஒரு பகுதி வந்தது, மலை மட்டும் வரவில்லை. தமிழர்கள் அங்கே வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல என்ற வாதம் அப்போது பலமாக வைக்கப்பட்டது. அந்த வாதத்தின் நிழல் இன்னும் போகவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த தலித் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்திடம் பத்திரம் ஏது, பட்டா ஏது?

ஏனென்றால் அங்கே எல்லாம் கம்பெனியுடையது. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கிய மலை அது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. பிறகு டாடா வந்தது. 2005இல் டாடா தோட்டத்தை விட்டு விலகிக்கொள்ள, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கி இப்போதைய கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் உருவானது. பெயர் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயம் கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, குழந்தைகள் காப்பகமும் அப்படியே. இதையெல்லாம் கொடுப்பதை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. தொழிலாளிக்கு அது நல்லதுதான். ஆனால் அதே சட்டத்தின் இன்னொரு முகம், வேலை போனால் வீடும் போகும் என்பது. பணி ஓய்வு பெற்றவர் லயத்தை விட்டு இறங்க வேண்டும். இறங்காமல் இருக்க ஒரே வழி, மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்து கூடையைத் தூக்குவது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சங்கம் கூடுவதற்கு இடம் எங்கே? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூணாறின் அமைப்புகளைப் பார்த்தால் படம் தெளிவாகிறது.

தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் உண்டு, விழாக் குழு உண்டு. தேவாலயங்களைச் சுற்றி ஜெபக் கூட்டங்கள் உண்டு. வருடத்தில் சில நாள் கொடி கட்டி, கூழ் ஊற்றி, வரவு செலவு வாசித்து முடிப்பது விழாக் குழுவின் வேலை. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனாலேயே அது நீடிக்கிறது.

சிருஷ்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி, பிறகு வேலை. இயற்கைச் சாயத் துணி, கையால் செய்யும் காகிதம், ஜாம் என்று தனித்தனிப் பிரிவுகள். மூணாறுக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். நன்றாக நடக்கிற இடம். டாடா காலத்தில் தொடங்கியது, கம்பெனியின் ஆதரவில் நிற்பது.

வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்காக வைத்திருந்த ஒரு சங்கம்கூட இங்கே உண்டு. அதுதான் பின்னால் வரையாடுகளைக் காக்கும் சங்கமாக மாறியது. வேட்டைக்குக் காவல் இருந்த முதுவர் பழங்குடியினரையே காவலர்களாக வைத்து, வரையாடுகள் வாழும் இரவிகுளம் மலைப்பகுதியைப் பாதுகாத்தார்கள். 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. வேட்டைக்காரர்களால் வரையாடு பிழைத்தது என்பது அந்த மலையின் விசித்திரங்களில் ஒன்று. அந்தச் சங்கத்துக்குக் கிளப்பும் பங்களாவும் இருந்தன, காட்டை அறிந்த முதுவர்களும் இருந்தார்கள்.

அப்புறம் குடும்பஸ்ரீ. 1998இல் கேரள அரசு தொடங்கிய பெண்கள் திட்டம். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து ஓர் அயல்கூட்டம், வார்டுக்கு ஓர் அமைப்பு, பஞ்சாயத்துக்கு ஓர் அமைப்பு என்று மூன்று அடுக்கு. லயங்களிலும் அயல்கூட்டங்கள் உண்டு. வாரம் கூடி, சேமித்து, உள்கடன் கொடுத்து, கணக்கு எழுதுகிறார்கள். இதன் கூரை பஞ்சாயத்தும் அரசும்.

தொழிற்சங்கங்களுக்குத்தான் சொந்தக் கட்டடம் உண்டு. கம்பெனிக்கு வெளியே தொழிலாளிக்கு என்று இருந்த ஒரே கூரை அது.

தொழிற்சங்கங்களின் கதை

இன்றைய கோபத்தை வைத்துப் பழையதை எடை போடக்கூடாது. மூணாறில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் ஏஐடியுசி, காங்கிரஸின் ஐஎன்டியுசி, மார்க்சிஸ்ட் கட்சியின் சிஐடியு மூன்றும் வேரூன்றியவை. கங்காணி ஆட்சிக்கு முடிவு கட்டியதிலும், கூலி உயர்வுகளிலும் அவற்றின் உழைப்பு இருக்கிறது. 1958இல் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தல் கேரள அரசியலையே உலுக்கியது. கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்ற பி. கே. நாயர் தொழிற்சங்கத் தலைவர். அவருக்காக எம்ஜிஆர் வந்தார். கம்யூனிஸ்ட் பக்கம் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜனின் பாட்டுக் குழு மலையேறியது. ரோசம்மா வென்றார். அதே ஆண்டு நடந்த தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்படி ரத்தம் கொடுத்து வளர்ந்த சங்கங்கள் இவை.

பிறகு என்ன ஆயிற்று? சங்கத் தலைவர் என்பவர் மெல்ல மெல்ல ஒரு வேலை முடித்துக் கொடுப்பவராக மாறினார். லயம் மாற்ற வேண்டுமா, மகளுக்குப் பெயர் பதிய வேண்டுமா, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியூருக்கு எழுதி வாங்க வேண்டுமா, தலைவரைப் பார். அவர் மேனேஜரைப் பார்ப்பார். இதில் தொழிலாளிக்கு லாபம் இருந்தது, தலைவருக்கும் இருந்தது. சங்கத் தலைவர்கள் கம்பெனி தந்த நல்ல வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் மேசை வேலை கிடைக்கிறது என்ற குற்றச்சாட்டைத்தான் 2015இல் பெண்கள் நடுச்சாலையில் கூவினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்க நிர்வாகிகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அதிலும் மேல்மட்டத்தில் தோட்டத்தில் வேலை செய்யாதவர்கள் பலர். இருபது கிலோவுக்கு மேல் பறித்து முதுகில் சுமந்து எடை போடுமிடத்துக்கு வருவது என்ன என்று உடம்பால் தெரிந்த யாரும் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை.

ஒன்பது நாள்

போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. முந்தைய ஆண்டு கண்ணன் தேவனில் 19 சதவீதம் கொடுத்திருந்தார்கள். 2015இல் தேயிலை விலை சரிந்தது, லாபம் குறைந்தது என்று 10 சதவீதம் அறிவித்தார்கள். தினக்கூலி அப்போது 232 ரூபாய், அதற்கு 21 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். கேரளத்தில் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்த காலம். போனஸ் என்பது வருடக் கடனை அடைக்கிற பணம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் அதில்தான் கழியும். அது பாதியாகிறது என்றால் வீட்டுக் கணக்கைப் பார்க்கிற பெண்ணுக்குத்தான் முதலில் வயிற்றைக் கலக்கும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் பழைய மூணாறில் இருக்கும் கம்பெனி அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. கடை அடைப்பு, சுற்றுலாப் பயணிகள் தவிப்பு, எல்லாம் நடந்தது. கூடை எங்கள் முதுகில், பணம் உங்கள் பையில், ஒழுகும் லயம் எங்களுக்கு, பங்களா உங்களுக்கு என்ற பொருளில் தமிழில் கோஷங்கள் எழுந்தன. சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை உள்ளே விடவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு பார்க்கவில்லை, உள்ளூர் எம்எல்ஏவையும் சேர்த்தே விரட்டினார்கள். விதிவிலக்கு ஒருவர்தான், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி. எஸ். அச்சுதானந்தன். செப்டம்பர் 13 அன்று வந்து, முடிவு தெரியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அன்று கொச்சியில் முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத் தொகையாகவும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவானது. சட்டம் அனுமதிக்கிற உச்சவரம்பு அது.

ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். சாலையில் உட்கார்ந்தவர்கள் அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களும்கூட. பங்குப் பத்திரம் அவர்களுக்குக் கம்பெனிக்குள் ஒரு குரலைக் கொடுக்கவில்லை என்பது அந்த ஒன்பது நாளில் ஊருக்குத் தெரிந்தது.

எப்படிக் கூடினார்கள்

அலுவலகம் இல்லாமல், துண்டுப் பிரசுரம் இல்லாமல் இத்தனை பேர் எப்படிக் கூடினார்கள் என்று வெளியே இருந்தவர்கள் வியந்தார்கள். பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. தமிழ்த் தீவிரவாதம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. தோட்ட வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

காலையில் பெயர் கொடுக்கக் கூடுகிற இடத்திலேயே நாள் தொடங்கிவிடுகிறது. பிறகு ஒரே சரிவில் வரிசை பிடித்துப் பறிப்பு. பக்கத்து வரிசைக்காரி யார், அவள் பிள்ளை எங்கே படிக்கிறது, மாமியாருக்கு என்ன நோய் எல்லாம் தெரியும். மதியச் சோறு ஒன்றாக. எடை போட ஒன்றாக வரிசை. மாலையில் லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுப்பு. ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அடுத்த தோட்டத்தில் அக்காவோ நாத்தனாரோ கட்டாயம் இருப்பார். இத்தனைக்கும் மேல் கைப்பேசி வந்துவிட்டது. செய்தி ஒரு லயத்தில் கிளம்பினால் தொலைவில் இருக்கும் குண்டளைத் தோட்டம் வரை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

அயல்கூட்டப் பழக்கமும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம். வாரா வாரம் வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்துப் பேசி, கணக்கைச் சத்தமாக வாசித்துப் பழகியவர்களுக்கு மைக் முன்னால் நா எழாமல் போகாது. தொலைக்காட்சி நிருபர் மலையாளத்தில் கேட்க, தமிழும் மலையாளமும் கலந்து பட்டென்று பதில் சொன்ன பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள். ஆண்களை ஒதுக்கி வைத்ததில் கணக்கு இருந்தது. ஆண் வந்தால் அவர் பின்னால் அவருடைய சங்கம் வரும், சங்கத்தின் பின்னால் கட்சி வரும்.

கோரிக்கை ஒன்றே ஒன்று என்பதும் முக்கியம். இருபது சதவீதம். ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். இதைப் பேச நிபுணர் வேண்டாம், பிரதிநிதி வேண்டாம், கூட்டமே பேசலாம்.

அதற்குப் பிறகு

கூலியை 500 ஆக்கு என்ற அடுத்த கோரிக்கையில் விஷயம் மாறியது. போனஸ் ஒரு கம்பெனியோடு முடிகிற காரியம். கூலி அப்படியில்லை. கேரளம் முழுவதற்குமான தோட்டத் தொழிலாளர் குழுவில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த மேசையில் நாற்காலி தொழிற்சங்கங்களுக்குத்தான் இருந்தது. மூணாறில் விரட்டப்பட்டவர்கள் திருவனந்தபுரத்தில் பேச்சுவார்த்தைக்காரர்களாகத் திரும்பி வந்தார்கள். தாங்களும் வேலைநிறுத்தம் அறிவித்து இழந்த மரியாதையை மீட்கப் பார்த்தார்கள். அக்டோபரில் தேயிலைக்கு 301 ரூபாய் என்று முடிவானது. பறிக்க வேண்டிய கொழுந்து 25 கிலோ ஆனது. கேட்டது 500. தேயிலைத் தோட்டங்கள் பல இடங்களில் கொந்தளித்திருந்த நேரத்தில் இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று பெண்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். நின்றார்கள், ஒரு வட்டாரப் பஞ்சாயத்து இடம் உட்படச் சில இடங்களை வென்றார்கள். கட்சி அல்லாத தோட்டப் பெண்கள் மூன்று பெரிய அணிகளுக்கு நடுவே இதைச் செய்தது சாதாரணமில்லை. ஆனால் 2016 சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் எடுபடவில்லை. பெண்கள் விரட்டிய அதே எம்எல்ஏ மறுபடி வென்றார். முன்னணியில் இருந்த ஒருவர் இடதுசாரிச் சங்கத்தில் சேர்ந்தார், பிறகு அதிலிருந்தும் வெளியேறினார். 2017 ஏப்ரலில் மாநில அமைச்சர் ஒருவர் இந்தப் பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசியபோது சில பெண்கள் மூணாறில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கேரளமெங்கும் கண்டனம் எழுந்தது. லயத்திலிருந்து கூட்டம் வரவில்லை.

தலைவிகளின் சண்டையால் கூட்டம் கலைந்தது என்பதை நான் தலைகீழாகப் பார்க்கிறேன். கூட்டம் வீட்டுக்குப் போன பிறகுதான் தலைவிகள் தனியாக நின்றார்கள், தனியாக நின்றவர்கள்தான் சண்டை போட்டார்கள். கூட்டம் ஏன் வீட்டுக்குப் போனது என்றால், வந்த வேலை முடிந்தது. அதற்கடுத்த வேலைகள் வேறு மாதிரியானவை. பதிவு செய்ய விண்ணப்பம், சந்தா வசூல், வரவு செலவு, லேபர் அலுவலகத்துக்கு மனு, மாதக் கூட்டம், இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியவை. அந்த ஒரு நாளில்தான் துணி துவைக்க வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். ஆண்களின் சங்கம் நடப்பதற்குப் பின்னால் வீட்டில் ஒரு பெண் சமைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது நாள் ஆண்கள் சமைத்தார்கள். வருடக்கணக்கில் யார் சமைப்பது?

இன்னொரு காரணம் அன்றாடத் தேவை. லயக் கூரை ஒழுகினால் மேனேஜரிடம் பேச ஆள் வேண்டும். பிள்ளைக்குப் பெயர் பதியக் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். அதைப் பழைய சங்கத்துக்காரர்தான் செய்து தருவார், கசப்போடு என்றாலும். புதிய அமைப்பில் இதற்கு ஏற்பாடு இல்லை. சாலையில் அவரை விரட்டிய பெண்ணே மழைக்காலத்தில் அவர் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு கம்பெனியுடையதாக இருக்கும்வரை, கம்பெனி வாசலைத் திறக்கத் தெரிந்தவருக்கு ஊரில் மதிப்பு இருக்கும்.

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடிப் பிரிவில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். ஒரே குடும்பத்தில் பத்துப் பேருக்கு மேல் இழந்தவர்கள் உண்டு. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. வழியில் பாலம் சேதமாகியிருந்ததால் இயந்திரங்கள் வரத் தாமதமானது.

அரசுப் படைகள் வரும்முன் சேற்றில் இறங்கியவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வனத்துறைக் காவலர்களும்தான். எந்தச் சங்கத்தின் பெயரிலும் அவர்கள் வரவில்லை. உறவு முறையில் வந்தார்கள். 2015இல் சாலைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்த அதே வலைதான் இங்கே மண்வெட்டியோடு வந்தது. லயம், வரிசை, நாத்தனார் வீடு. அதற்குத் தலைவர் தேவைப்படவில்லை.

ஆனால் அதன்பிறகு வந்த வேலைகளுக்கு? நஷ்டஈட்டுப் பட்டியலில் பெயர் சேர்ப்பது, கயத்தாறில் இருக்கும் உறவினருக்குக் கேரளத்தின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்குவது, யாருக்கு எங்கே வீடு என்று கேட்டு நிற்பது. ஆகஸ்ட் 13 அன்று முதல்வர் பினராயி விஜயனும் ஆளுநரும் வந்தபோது, தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலம் வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்து கேட்டவர் பெம்பிளை ஒருமையில் முன்னணியில் இருந்து, இடதுசாரிச் சங்கத்துக்குப் போய் வெளியேறிய அதே பெண். போலீஸ் அவரை அப்புறப்படுத்தியது. அன்று அவருக்குப் பின்னால் கூட்டம் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்விதான். 2015இல் கேட்ட போனஸையும் கூலியையும்விட அடியாழத்தில் இருந்த கேள்வியும் அதுவே.

உயிர் பிழைத்த குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் ஒதுக்கியது, கம்பெனி எட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தது. சொந்த வீடு என்பது அப்படி, ஒரு மலை இடிந்து விழுந்த பிறகு, எட்டுக் குடும்பங்களுக்கு வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு லயம்தான். 58 வயதில் பெயர் வெட்டப்படும், பிள்ளைகளில் ஒருவர் கூடை தூக்கச் சம்மதித்தால் அந்த அறையிலேயே இருக்கலாம். சம்மதிக்காத பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். அவர்கள் விட்டுப்போகிற வரிசைகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். இவர்களுக்கு அடுத்த தோட்டத்தில் அக்கா இல்லை.